கோத்தகிரி வாசலில் இருந்து டெல்லி வரை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றவர்களுக்கும் புரியும். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். டெல்லியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறாராம், அம்மாவுக்கு இதுதான் முதல் விமானம். கோவை டெல்லி தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 1,948, ஒரு இடத்தில் 1,210, இன்னொரு இடத்தில் 1,052, மேப்பில் போட்டால் 2,500 என்று வருகிறது. நேரமும் அப்படித்தான், எங்கேயோ இரண்டரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது, டிக்கெட்டில் மூன்று மணி நேரம். எதை நம்புவது, காலை 10 மணி விமானத்துக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? அப்புறம், அம்மாவுக்குக் காது அடைக்குமா, மூச்சு முட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் 22 வருஷம் ஒரு விமான நிறுவனத்தில் ஃப்ளைட் டெஸ்பாட்சராக இருந்தவன். விமானம் கிளம்புவதற்கு முன்னால் எந்த வழி, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டு பைலட் கையில் தாளைக் கொடுக்கிற வேலை. இப்போது குன்னூரில் இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும், அதாவது வானத்தில் போகிற பங்கும் மலையை விட்டு இறங்குகிற பங்கும், இரண்டுமே எனக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

தங்கச்சி, நீங்கள் பார்த்த நாலு எண்ணும் சரிதான். 1,948 என்பது கிலோமீட்டர். 1,210 என்பது சாதாரண மைல். 1,052 என்பது கடல் மைல், விமானத் துறையில் எல்லோரும் பேசுவது இந்தக் கணக்கில்தான், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மூன்றும் ஒரே தூரம், அளவுகோல்தான் வேறு. 2,500 என்று மேப் காட்டுவது பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று சாலை வழியாகச் சுற்றிப் போகிற தூரம். தேடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. இன்னும் சில இடங்களில் விமான நிலையத்தை வைத்து அளக்காமல் ஊரின் நடுவை வைத்து அளப்பார்கள். அதில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னே பின்னே வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த 1,948 எப்படி வந்தது என்பதை நீங்களே ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்கலாம். கோவை விமான நிலையம் 77.04 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, டெல்லி விமான நிலையம் 77.10 டிகிரியில். கிட்டத்தட்ட ஒரே கோடு, கோவை நிலையம் இருக்கிற பீளமேட்டிலிருந்து நேர் வடக்கே ஒரு நூல் பிடித்தால் டெல்லியில் போய் நிற்கும். இப்படி ஒரே தீர்க்கரேகையில் இருக்கிற இரண்டு ஊருக்குக் கணக்கு சுலபம். கோவையின் அட்சரேகை 11.03, டெல்லியுடையது 28.56, கழித்தால் 17.53 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகைக்கு 60 கடல் மைல், கடல் மைல் என்ற அளவே அப்படி வந்ததுதான். 17.53ஐ 60ஆல் பெருக்குங்கள், 1,052. அதை 1.852ஆல் பெருக்குங்கள், 1,948. அவ்வளவுதான். கோவை சென்னை போலக் கோணலாக இருக்கிற ஜோடிகளுக்கு இது போதாது. அங்கே உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் மிகக் குறுகிய வளைவைக் கண்டுபிடிக்க சைன், கோசைன் எல்லாம் வேண்டும். ஆனால் இணையத்தில் தூரம் சொல்லும் தளங்கள் எல்லாம் செய்வது இதைத்தான், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

சரி, விமானம் அந்த நூல் பிடித்த கோட்டிலேயே போகுமா? போகாது. வானத்திலும் வழித்தடங்கள் இருக்கின்றன, ராணுவத்துக்கு ஒதுக்கிய பகுதிகள் இருக்கின்றன. கோவையை எடுத்துக்கொண்டால் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். கிளம்புகிற ஊரில் இந்தப் பக்கமாக ஏறு, போய்ச் சேருகிற ஊரில் அந்தப் பக்கமாக வரிசையில் வா என்று கட்டுப்பாட்டு அறை சொல்லும். இதெல்லாம் சேர்ந்து நேர்கோட்டுத் தூரத்தைவிட நிஜமாகப் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடும். நான் வேலை பார்த்தபோது தாளில் இரண்டு தூரம் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும், ஒன்று தரைத்தூரம், இன்னொன்று காற்றுத்தூரம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரம் கேட்கிற கேள்வி, ஒரே பயணத்துக்கு எதற்கு இரண்டு தூரம் என்பதுதான்.

அதை ஷார்ஜாவை வைத்துச் சொன்னால் நன்றாகப் புரியும். நம் மலையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர், கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேர் விமானமும் பல வருஷமாக இருக்கிறது. தூரம் சுமார் 2,767 கிலோமீட்டர், கடல் மைலில் 1,494. விமானம் காற்றை வெட்டிக்கொண்டு மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 830. எதிர்க்காற்று மணிக்கு 40 கடல் மைல் வீசினால் தரையைக் கணக்கில் எடுத்தால் 410 வேகத்தில்தான் நகரும், 3 மணி 39 நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் காற்றுக்குள் அது ஓடி முடித்த தூரம் 1,640 கடல் மைல். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 490, நேரம் 3 மணி 3 நிமிஷம், காற்றுத்தூரம் 1,372. அதே இரண்டு ஊர், போக வர 36 நிமிஷ வித்தியாசம். எரிபொருள் காற்றுத்தூரத்துக்குத்தான் செலவாகும், அதனால் டெஸ்பாட்சர் கண் எப்போதும் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கும். குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும், அதனால்தான் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் "போகும்போது ஆன நேரத்தைவிட சீக்கிரம் வந்துவிட்டோம்" என்று சொல்வது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே கதை மாறும். கீழே மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெரிய காற்றோட்டம் ஓடும். அதை 1950களில் முதலில் விவரித்தவர் பி. கோட்டேஸ்வரம், நம் இந்திய வானிலை அறிஞர். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு, ஜூலை மாதத்தில் மேல்வானக் காற்று அறிக்கையைத் திறக்கும்போதெல்லாம் அவரை நினைத்திருக்கிறேன்.

டெல்லி நேர் வடக்கே இருப்பதால் இந்தக் கிழக்கு மேற்குக் காற்றுகள் உங்கள் விமானத்துக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரும், போகவர வித்தியாசம் ஷார்ஜா அளவுக்கு இருக்காது.

இப்போது நேரத்துக்கு வருவோம். 1,948ஐ 830ஆல் வகுத்தால் 2 மணி 20 நிமிஷம்தான் வரும். பிறகு டிக்கெட்டில் ஏன் மூன்று மணி நேரம்? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள், நம் ஊரில் மேட்டில் லாரியை நிறுத்தினால் கல் வைப்பது போல. அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர்கிற நிமிஷத்திலிருந்து, டெல்லியில் நின்று மறுபடி கட்டை வைக்கிற நிமிஷம் வரைக்கும் உள்ள நேரம்தான் டிக்கெட்டில் இருப்பது, அதற்கு பிளாக் டைம் என்று பெயர். இதில் கோவையில் ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகிற நேரம் சேரும், டெல்லியில் இறங்கியபிறகு கேட்டுக்கு ஊர்ந்து போகிற நேரமும் சேரும். டெல்லி பெரிய நிலையம், இறங்கியபிறகு இருபது நிமிஷம் தரையிலேயே ஓடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம், விமானம் பஸ் மாதிரிப் போய்க்கொண்டே இருக்கிறதே என்று அம்மா கேட்பார்கள். அப்புறம் நிறுவனங்களும் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுக்கொள்ளும், ஏனென்றால் நேரம் தவறாமை என்பதை 15 நிமிஷத்துக்குள் என்று வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள், எந்த நிறுவனத்துக்கும் அதில் பெயர் கெட்டுப்போக விருப்பம் இருக்காது. இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டரை மணி நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று கொஞ்சம் சேர்த்த எண். அது வானத்தில் இருக்கும் நேரத்துக்கு ஓரளவு நெருக்கம்தான். அண்ணனிடம் எத்தனை மணிக்கு வந்து நிற்கச் சொல்வது என்பதற்கு அது உதவாது, டிக்கெட்டில் உள்ளதை வைத்தே சொல்லுங்கள்.

வேகம் 830 என்று சொன்னேனே, அது மேலே போய்ச் சமநிலைக்கு வந்தபிறகு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகவே கூடாது என்பது பொதுவான விதி. இது நமக்குப் புதிதா என்ன? மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தை விட்டால் கல்லாறு வரைக்கும் டிரைவர் நன்றாக ஓட்டுவார், கல்லாறு தாண்டி முதல் வளைவு வந்துவிட்டால் பர்லியார், காட்டேரி, குன்னூர் என்று இரண்டாவது மூன்றாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகும். அந்தப் பஸ்ஸுக்கு சமவெளியில் என்ன வேகம் இருந்தால் என்ன, மலை நேரம் மலை நேரம்தான். விமானத்துக்கும் 35,000 அடி ஏறுவது ஒரு மலைதான். ஏறி முடிக்க சுமார் 110 கடல் மைல் ஓடவேண்டும். இறங்குவதற்கு பைலட்கள் மனக்கணக்காக ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொள்வார்கள், 35,000 அடிக்கு 105. ஆக ஏறவும் இறங்கவுமே 215 கடல் மைல். கோவை சென்னை மொத்தத் தூரம் எவ்வளவு தெரியுமா? 218. மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்க ஆரம்பிக்கவேண்டும், நிமிர்ந்து ஓட இடமே இல்லை. அதனால் சென்னை விமானங்களைப் பெரும்பாலும் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவதில்லை, கீழ் மட்டத்திலேயே ஓட்டிவிடுவார்கள். 404 கிலோமீட்டர்தானே, அரை மணியில் போகவேண்டாமா, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறான் என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காரணம் இதுதான்.

இதை எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஜெட் விமானமாக இருந்தால் நேர்கோட்டுத் தூரத்தை (கிலோமீட்டரில்) 800ஆல் வகுத்து, வருகிற நேரத்தோடு 35 நிமிஷம் கூட்டுங்கள். டெல்லிக்கு 1,948ஐ 800ஆல் வகுத்தால் 2 மணி 26 நிமிஷம், 35ஐக் கூட்டினால் 3 மணி 1 நிமிஷம், டிக்கெட்டோடு ஒத்துப்போகிறது பாருங்கள். சென்னைக்கு 30 நிமிஷமும் 35ம் சேர்ந்து 1 மணி 5. மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர், 1 மணி 50. ஹைதராபாத் 706, ஒன்றரை மணி நேரம். சிங்கப்பூர் 3,160, சுமார் நாலரை மணி நேரம். ஷார்ஜா 4 மணி. பத்து நிமிஷம் இப்படி அப்படி இருக்கும், ஆனால் அதிகமாகத் தப்பாது. விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானமாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அது மணிக்கு 500 கிலோமீட்டர் போகிற வண்டி. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும், டிக்கெட்டில் இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இதைச் சரிசெய்யாமல் கழித்துப் பார்த்து, ஷார்ஜாவுக்கு இரண்டரை மணி நேரம்தான் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தில் சிங்கப்பூர் போய் இறங்கி விடலாம். ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற வண்டி அது, 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் அப்படித்தான் வந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு என் கண்முன்னே தினமும் போகிற சாட்சி.

இனி மலையை விட்டு இறங்குகிற பங்கு. உங்கள் பயணத்தில் நிச்சயமில்லாத நேரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, வானத்தில் இல்லை.

கோத்தகிரியிலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் 47 கிலோமீட்டர்தான். சாலையில் சுமார் 75. ஊட்டியிலிருந்து நேர்கோட்டில் 56, சாலையில் 90க்கு மேல். ஹெலிகாப்டர் விட்டால் அரை மணிதானே என்று சிலர் கேட்பார்கள். ஊட்டியில் தீட்டுக்கல்லில் இறங்குதளம் இருக்கிறது, பெரிய தலைவர்கள் வரும்போது பயன்படுத்துகிறார்கள். ஆனால் 2021 டிசம்பர் 8ஆம் தேதியை நாம் யாரும் மறக்கவில்லை. சூலூரில் 11.48க்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்கவேண்டும், 27 நிமிஷப் பயணம். காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரையும் இழந்தோம். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் போய்விட்டதாக விசாரணையில் சொன்னார்கள். நம் மலையில் பத்து நிமிஷத்தில் மேகம் எப்படிக் கீழே இறங்கி ரோட்டை மூடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெரிய விமானங்களும் இந்த மலைக்கு மரியாதை கொடுத்துத்தான் போகவேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், அடியில் சொன்னால் 8,650. தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். மலைப்பகுதியில் உயரமான முடிக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி வேண்டும், அதனால் இந்தப் பக்கம் வருகிற விமானம் நினைத்தபோது இறங்கிவிட முடியாது. இரண்டு மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே கோவை உட்கார்ந்திருக்கிறது. ஓடுபாதையும் வடகிழக்கு தென்மேற்காகத்தான் கிடக்கிறது. கணவாய்க் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் சென்னையிலிருந்து வரும் விமானம் நேராக வந்து இறங்கிவிடும், காற்று திரும்பிவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறங்கவேண்டும், அதற்கே சில நிமிஷம்.

சரி, உங்கள் 10 மணி விமானம். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடுகிற கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 மணி. அம்மாவுக்கு முதல் பயணம், பாதுகாப்புச் சோதனையில் வளையல், கம்மல், பை என்று எல்லாவற்றுக்கும் நேரமாகும், அவசரப்படுத்தினால் பயந்துபோவார்கள், அதனால் 8 மணிக்கு உள்ளே இருக்கவேண்டும். கோத்தகிரி மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதிகாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர். துடியலூரில் இடதுபக்கம் திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையாமல் விமான நிலையம் போய்விடலாம், ஆனால் ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூட பஸ்களும் மில் பஸ்களும் கூடிவிடும். மொத்தம் இரண்டரை மணி நேரம். அதன்மேல் மலைக்காக ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். காலை 4.30.

அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நவம்பர் மாதம், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பவேண்டும், மதியம்தானே விமானம், மூன்றரை மணி நேரம் போதும் என்று குன்னூரில் கிளம்பினேன். மரப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, வேரில் ஒட்டிய சிவப்பு மண் மழையில் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நாற்பது வண்டி நின்றது, திரும்பி கோத்தகிரி வழியாகப் போகலாம் என்றால் பின்னால் அதைவிட நீள வரிசை. அறுப்பு மிஷின் வந்து மரத்தைத் துண்டு போட்டு ஒதுக்க இரண்டு மணி நேரம். மற்றவர்களுக்கு நிமிஷம் நிமிஷமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற நான் அன்றைக்கு விமானத்தை விட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது நடக்கும், 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பதை மலையில் இருக்கிற எல்லோரும் அறிவோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் பயணம் என்றால் முந்தின நாளே கீழே இறங்கி, சொந்தக்காரர் வீடோ விடுதியோ பார்த்துத் தங்குங்கள். மற்ற மாதங்களிலும் காலை 8 மணிக்கு முன்னால் விமானம் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும்.

பலா சீசனில், ஜூன் ஜூலையில், குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை ரோட்டுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். அதிகாலை இருட்டில் போகும்போது டிரைவரை அவசரப்படுத்த வேண்டாம். ஏப்ரல், மே சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே போகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள், ஊட்டி நெரிசல் முழுக்க உங்கள் வாசல் வழியாக இறங்கும். அந்த இரண்டு மாதம் மதிய விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கோவையிலிருந்து சொந்தக்காரர்களோ நண்பர்களோ கார் எடுத்துக்கொண்டு உங்களை அழைக்க வருவதாக இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை.

இதைப் படிக்கிற கூடலூர், பந்தலூர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோவையைவிட நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகப் போகிற கோழிக்கோடு கரிப்பூர் நிலையம்தான் கிட்டே, சுமார் 100 கிலோமீட்டர். வளைகுடாவுக்கு அங்கிருந்து விமானமும் அதிகம். பெங்களூரு நிலையத்துக்குப் போகலாம் என்று ஊட்டிக்காரர்கள் சிலர் நினைப்பதுண்டு, டிக்கெட் விலை குறைவாக இருக்கும். ஆனால் அது நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, ஊட்டியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். போகிற வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் அடைத்துவிடுவார்கள். அதிகாலை விமானத்துக்கு அந்த வழி ஆகாது.

கடைசியாக அம்மாவின் காதும் மூச்சும். இதில் மலைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். கோத்தகிரி ஏறக்குறைய 5,900 அடி, ஊட்டி 7,350 அடி. அதாவது கோத்தகிரியில் வாழ்ந்த உங்கள் அம்மாவுக்கு விமானத்துக்குள் இருப்பது ஊட்டி மார்க்கெட்டுக்குப் போய்வருவது போலத்தான், சமவெளிக்காரர்களுக்குத் தெரிகிற அந்த லேசான சோர்வுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம். காது அடைப்பது இறங்கும்போதுதான். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைக்கிற அதே அடைப்பு, ஆனால் கொஞ்சம் வேகமாக வரும், ஒரு மணி நேரத்தில் ஆவது இங்கே அரை மணிக்குள் ஆகிவிடும். டெல்லி 777 அடி உயரம்தான். இறங்குகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் தூங்கினால் எழுப்பிவிடுங்கள், வாயில் ஒரு மிட்டாயோ கிராம்போ போட்டு விழுங்கிக்கொண்டே இருக்கட்டும். சளி, மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சளியோடு இறங்கும்போது வலி அதிகமாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் பனிமூட்டம், விமானம் தாமதமாகும், சில நேரம் ஜெய்ப்பூர் மாதிரி வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். அதற்கான எரிபொருளைக் கணக்குப் போட்டுத்தான் ஏற்றியிருப்பார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. கையில் ஒரு பொட்டலம் சாப்பாடும் மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது அம்மாவுக்கு இடதுபக்க ஜன்னல், ஏ இருக்கை கேளுங்கள், இறக்கை மறைக்காத முன்வரிசையாக. கோவையில் கிளம்பி வடக்கே திரும்பியதும் மலை இடதுபக்கம்தான் வரும், ஏறிய ஐந்தாறு நிமிஷத்தில். காலை பத்து மணிக்கு வெயில் கிழக்கிலிருந்து நேரே மலை முகத்தில் விழும். மேகம் இல்லாத நாளாக இருந்தால் ரங்கசாமி முடி கூம்பாகத் தனியே நிற்பதும், அதற்குப் பின்னால் கோடநாடு விளிம்பும், தேயிலைத் தோட்டங்களும் தெரியும். முன்கூட்டியே சொல்லி வைத்து, ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அதிக நேரம் தெரியாது, இரண்டு மூன்று நிமிஷம்தான்.